பழைய நாற்காலி, பெரிய பெயர்: அசல்தானா என்று பார்ப்பது எப்படி?

பழைய மரச்சாமான் விற்கும் இடங்களில் இப்போது ஓயாமல் காதில் விழும் மூன்று சொற்கள் விண்டேஜ், மிட்-செஞ்சுரி, ஒரிஜினல். கால்கள் கொஞ்சம் சாய்ந்திருந்து, முதுகில் பிரம்பு பின்னியிருந்தால் போதும், "சண்டிகர் சேர் சார்" என்று விலை பத்து மடங்கு ஏறிவிடுகிறது. வாங்க வந்தவர் நாற்காலியைத் திருப்பிப் பார்ப்பார். ஓரத்தில் வெள்ளைப் பெயின்டில் ஏதோ எழுத்தும் எண்ணும் இருக்கும். உடனே அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்துவிடும். அட்டையில் எழுத்தை வெட்டி, மேலே பெயின்ட் தடவினால் ஐந்து நிமிடத்தில் அதே எழுத்தை யாரும் போட்டுவிடலாம் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வராது.

மிட்-செஞ்சுரி என்றால் ஏறத்தாழ 1940-களின் நடுவிலிருந்து 1960-களின் முடிவு வரை. அமெரிக்காவில் சார்ல்ஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும், டென்மார்க்கில் ஹான்ஸ் வெக்னர், சண்டிகரில் பியர் ஜான்னரே என்று பெயர் தெரிந்த வடிவமைப்பாளர்கள் பெரும் எண்ணிக்கையில் தயாரிப்பதற்காக நாற்காலியும் மேசையும் வரைந்த காலம் அது. அவற்றின் விலை ஏற ஏற, அசல் எது என்ற பேச்சும் பெருகிவிட்டது. பேச்சு பெருகிய அளவுக்குத் தெளிவு பெருகவில்லை. பார்க்கப் பழசாக இருந்தால் அசல், முத்திரை இருந்தால் அசல், தெரிந்தவர் சொன்னால் அசல் என்று மூன்று நம்பிக்கைகள் சந்தையில் உலவுகின்றன. மூன்றுமே அரைகுறை.

மனை வாங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள்

ஒரு மனை வாங்கும்போது விற்பவர் கையில் இருக்கும் பத்திரத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பவர் கிடையாது. தாய்ப் பத்திரம் கேட்கிறோம், வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறோம், இடையில் ஒரு கைமாறுதல் விட்டுப்போயிருந்தால் வக்கீல் அங்கேயே பேனாவை நிறுத்துகிறார். அதோடும் முடிவதில்லை. மனையில் போய் நின்று, பத்திரத்தில் சொன்ன நான்கு எல்லையும் அங்கே இருக்கிறதா என்று அளக்கிறோம். பத்திரம் சரியாக இருந்து நிலம் வேறாக இருந்தாலும் வம்பு, நிலம் சரியாக இருந்து பத்திரம் அறுந்திருந்தாலும் வம்பு.

நாற்காலிக்கும் இதே வழிதான். அது யார் கையிலிருந்து யார் கைக்கு எப்படி வந்தது என்ற தொடர்ச்சியை உடைமை வரலாறு என்கிறோம். அதுதான் தாய்ப் பத்திரம். நாற்காலியின் மரம், ஆணி, இணைப்பு, தேய்மானம் எல்லாம் நிலம். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் அசலா என்று சோதிக்கும் வேலை முழுவதும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. எந்தச் சோதனையும் ஒரு பொருளைப் போலி என்று அடித்துச் சொல்லிவிட முடியும். அசல் என்று அப்படிச் சொல்ல முடியாது. 1958-இல் செய்ததாகச் சொல்லும் நாற்காலியில் 1990-களின் திருகாணி ஆரம்பத்திலிருந்தே இறங்கியிருந்தால் கதை முடிந்தது. ஆனால் 1958-இன் திருகாணி இருந்தால்? பழைய திருகாணி பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும். ஆகவே "இந்த ஓர் அடையாளம் இருந்தால் அசல்" என்று யாராவது சொன்னால், அவர் விற்பவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

அசல், மறுபதிப்பு, நகல், போலி

இந்த நான்கையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவதால்தான் பாதிச் சண்டை.

வெக்னர் 1949-இல் வடிவமைத்த நாற்காலி ஒன்று உண்டு. முதுகுப் பலகையில் ஒய் எழுத்துப் போல ஒரு கவை, உட்காரும் இடத்தில் முறுக்கிய காகிதக் கயிற்றுப் பின்னல். ஒரு நாற்காலிக்கு ஏறத்தாழ 120 மீட்டர் கயிறு பிடிக்கும். கார்ல் ஹான்சன் அண்ட் சன் என்ற டென்மார்க் நிறுவனம் அதை 1950 முதல் இன்றுவரை நிறுத்தாமல் செய்துவருகிறது. போன மாதம் அந்தப் பட்டறையிலிருந்து வந்த நாற்காலியும் அசல்தான். ஆனால் அது விண்டேஜ் இல்லை. பழமை வேறு, அசல் என்பது வேறு.

வடிவமைப்பாளரிடமோ அவருடைய வாரிசுகளிடமோ உரிமை பெற்று, நடுவில் நின்றுபோன ஒன்றை மறுபடி தயாரிப்பது மறுபதிப்பு. உரிமை எதுவும் இல்லாமல், ஆனால் "இது அந்த வடிவத்தைப் பார்த்துச் செய்தது" என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பது நகல். அதே நகலை மண்ணில் புரட்டி, எழுத்துப் போட்டு, 1956 என்று சொல்லி விற்றால் போலி. நகலுக்கும் போலிக்கும் மரத்தில் ஒரு வேறுபாடும் இருக்காது. விற்பவர் வாயில்தான் வேறுபாடு. நகல் ஒன்று இரண்டு கை மாறியதும் போலியாகிவிடுவது இப்படித்தான். முதலில் விற்றவர் உண்மையைச் சொல்லியிருப்பார், மூன்றாமவர் பில்லைத் தொலைத்துவிட்டு ஒரு கதையைச் சேர்த்துக்கொள்வார்.

ஒரே வடிவத்தை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நிறுவனங்கள் முறையான உரிமையோடு செய்திருப்பதும் உண்டு. வெக்னரின் இன்னொரு நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-இல் கென்னடியும் நிக்ஸனும் தொலைக்காட்சியில் விவாதித்தபோது பயன்பட்டது. அதை முதலில் செய்தது யோஹன்னஸ் ஹான்சன் பட்டறை. 1990-களின் தொடக்கத்திலிருந்து பிபி மோப்ளர் என்ற நிறுவனம் செய்கிறது. இரண்டும் அசல். ஆனால் பிபி மோப்ளர் முத்திரையோடு "1955-இல் வாங்கியது, தாத்தாவுடையது" என்று ஒருவர் கொண்டுவந்தால் நாற்காலி நல்லது, கதை பொய்.

சுருக்கமாக: பழசா என்பது ஒரு கேள்வி. உரிமையோடு செய்ததா என்பது இரண்டாவது கேள்வி. சொல்லப்படும் கதை உண்மையா என்பது மூன்றாவது. ஒன்றுக்கு விடை கிடைத்ததும் மற்ற இரண்டையும் கேட்காமல் விடுவதுதான் பொதுவாக நடக்கும் தவறு.

தொழிற்சாலை இருந்தால் வேலை எளிது

ஈம்ஸ் தம்பதியின் சாய்வு நாற்காலி 1956-இல் வந்தது. அமெரிக்காவில் ஹெர்மன் மில்லர் நிறுவனம் தயாரிப்பு, ஐரோப்பாவில் விட்ரா. வளைத்த ஒட்டுப்பலகை ஓடுகள், கறுப்புத் தோல் மெத்தை, கால் வைக்கத் தனியே ஒரு முக்காலி. உலகில் அதிகமாக நகலெடுக்கப்படும் நாற்காலிகளில் இதுவும் ஒன்று. ஆனாலும் பயப்பட வேண்டியதில்லை. ஒரே தொழிற்சாலை, ஒரே அளவு, எழுதிவைத்த மாற்றங்கள் என்பதால் நகலைப் பிடிப்பது எளிது.

அடியிலிருந்து தொடங்குங்கள். நாற்காலியின் உலோக அடித்தளத்துக்கு ஐந்து கிளை, முக்காலிக்கு நான்கு. நகல் செய்பவர்கள் செலவைக் குறைக்க இரண்டுக்கும் ஒரே அடித்தளத்தைப் போட்டுவிடுவார்கள். அடுத்து, சாய்மானம். அசல் நாற்காலி ஒரே கோணத்தில் சாய்ந்தே இருக்கும், சுழலும்; நெம்புகோல் வைத்து முதுகை மடக்கி நிமிர்த்த முடியாது. முடிகிறது என்றால் அது வேறு நாற்காலி. பிறகு ஓட்டின் வெளிப்பக்கம். மரத்தின் மீது திருகாணித் தலை தெரியக் கூடாது. முதல் காலத்து ஓடுகள் ஐந்து அடுக்கு ஒட்டுப்பலகை, பிற்காலத்தவை ஏழு. ஓட்டின் விளிம்பைக் குறுக்கே பார்த்தால் எண்ணிவிடலாம்.

அதே ஈம்ஸ்களின் கண்ணாடியிழை ஓட்டு நாற்காலி 1950-இல் வந்தது. அதை வெளிச்சத்துக்கு அருகே வைத்துப் பார்த்தால் மேற்பரப்புக்குள் நூல் நூலாக இழைகள் தாறுமாறாக ஓடுவது தெரியும். பிற்காலத்து பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக் ஓட்டில் அது இருக்காது, ஒரே வழவழப்பு.

மரத்தையும் கவனிக்க வேண்டும். பழைய சாய்வு நாற்காலிகள் பல பிரேசில் ரோஸ்வுட்டில் ஆனவை. அழிந்துவரும் அந்த மரம் 1992 முதல் பன்னாட்டு வணிகத்துக்கான மிகக் கடுமையான தடைப்பட்டியலில் இருக்கிறது. ஆகவே புத்தம்புது நாற்காலியை "பிரேசில் ரோஸ்வுட்" என்று விற்றால் சந்தேகப்படுங்கள். பழைய நாற்காலி உண்மையிலேயே அந்த மரம் என்றால் நாடு விட்டு நாடு கொண்டுபோகத் தனியே அனுமதித் தாள் வேண்டும். விற்கும்போது சொல்லாமல் விடும் விஷயம் இதுதான். சுங்கத்தில் மாட்டும்போதுதான் தெரியவரும்.

இதற்கு நேர் எதிர் மரச்சாமான் கலைஞர் ஜார்ஜ் நகஷிமா. 1930-களின் பிற்பகுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதி எழும்பியபோது அங்கே இருந்து வேலையைக் கவனித்தவர். பின்னால் அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை வைத்தார். அவர் செய்த மேசையின் அடியில் பெரும்பாலும் அவர் பெயர் இருக்காது. கறுப்பு மையில் இருப்பது அதை வாங்கிய வாடிக்கையாளரின் பெயர். பட்டறையில் யாருக்கு எது என்று தெரிவதற்காக எழுதியது. வாடிக்கையாளர் பெயரை வைத்துப் பட்டறையின் ஆவணங்களோடு ஒப்பிட முடிகிறது. கையெழுத்து இல்லையே என்று தள்ளிவிட்டவர்கள் கைவிட்டது பெரிய விலையுள்ள பொருளாகக்கூட இருக்கலாம்.

தொழிற்சாலையே இல்லாவிட்டால்: சண்டிகர்

சிக்கல் உண்மையில் முற்றுவது இங்கேதான்.

பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனதால் இந்தியப் பஞ்சாபுக்குப் புதுத் தலைநகரம் தேவைப்பட்டது. 1951-இல் கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே அதைத் திட்டமிடப் பொறுப்பேற்றார். அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்னரே அங்கேயே தங்கி, 1965 வரை வேலை பார்த்தார். இங்கிலாந்திலிருந்து மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ. நம் ஊர்க் கட்டடக் கலைஞர்களில் யூலி சவுத்ரி போன்றவர்கள். தலைமைச் செயலகம், உயர்நீதிமன்றம், சட்டமன்றம், பல்கலைக்கழகம் என்று நகரமே ஒரேயடியாக எழும்பியது. உட்கார ஆயிரக்கணக்கில் நாற்காலி வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப் பணம் கிடையாது. உள்ளூர்ப் பட்டறைகளில், தேக்கிலும் சிசு (ஷீஷம்) மரத்திலும், பிரம்புப் பின்னலோடு செய்துகொண்டார்கள்.

ஒரு தொழிற்சாலை கிடையாது, பல பட்டறைகள். வரைபடம் ஒன்று, கை பல. ஆகவே ஒரே மாதிரி நாற்காலிகளை வரிசையாக வைத்தால் கைப்பிடியின் தடிமனில் சின்ன வேறுபாடு இருக்கும், காலின் சாய்வில் இருக்கும். ஈம்ஸ் நாற்காலியில் அளவு பிசகினால் போலி என்கிறோம். இங்கே அளவு அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால்தான் யோசிக்க வேண்டும். "எட்டு நாற்காலி இருக்கிறது, எல்லாம் மில்லிமீட்டர் சுத்தமாக ஒன்றுபோல" என்று பெருமையாகச் சொல்லும் விற்பனையாளர் தன்னை அறியாமலேயே எந்திரத்தைக் காட்டிக்கொடுக்கிறார்.

பெயர்ப் பிரச்சினையும் உண்டு. சந்தையில் எல்லாவற்றையும் ஜான்னரே தலையில் கட்டுகிறார்கள். பெரும்பகுதி அவர் மேற்பார்வையில் வந்தது உண்மை. ஆனாலும் அது ஒரு அரசு அலுவலகக் குழுவின் வேலை. "ஜான்னரே தன் கையால் செய்தது" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

இனி, அந்த வெள்ளை எழுத்து. அது வடிவமைப்பாளரின் முத்திரை இல்லை, பட்டறையின் முத்திரையும் இல்லை. எந்த அலுவலகத்தின் தளவாடம், எத்தனையாவது எண் என்று இருப்புப் பதிவேட்டுக்காக அலுவலக ஊழியர் போட்டது. எந்த அரசு அலுவலகத்தில் வேண்டுமானாலும் மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள், அதேபோல ஒன்று இருக்கும். துறை மாறினால் புது எழுத்து, பழையதன் மேலேயே. ஆகவே உண்மையான எழுத்து பெரும்பாலும் அசிங்கமாக இருக்கும்: பாதி அழிந்து, மேலே இன்னொரு எண் ஏறி, பாலிஷ் அடியில் மங்கி. அழகாக, பளிச்சென்று, பார்த்ததும் படிக்கிற இடத்தில் இருந்தால் அது வாங்குபவருக்காக எழுதியது.

இன்னொரு குழப்பம் பிஜே-எஸ்ஐ-28-ஏ போன்ற குறியீடுகள். ஏலக் கூடங்களும் விற்பனையாளர்களும் பேசும் மொழி இது. பின்னாளில் வணிகர்கள் வகை பிரித்து வைத்த எண்கள் இவை. அலுவலக ஊழியருக்கு இவை தெரியாது. இந்தக் குறியீடே நாற்காலியில் பழைய பெயின்ட் போல எழுதப்பட்டிருந்தால் அதைவிட நல்ல போலிச் சான்று கிடைக்காது.

இந்த நாற்காலிகள் எப்படி வெளியே வந்தன? பல ஆண்டு கழித்து கால் உடைந்தது, பிரம்பு கிழிந்தது. அலுவலகங்கள் வழக்கம்போல இனி உதவாது என்று கண்டம் செய்து ஏலம் விட்டன. மொட்டைமாடியிலும் முற்றத்திலும் குவிந்து கிடந்தவற்றைச் சில நூறு ரூபாய்க்கு எடுத்தவர்கள் உண்டு. 1990-களின் கடைசியில் பாரிஸ் வணிகர்கள் சிலர் அந்த ஏலங்களுக்கு வந்து மொத்தமாக வாங்கிப் போய், பழுது பார்த்து விற்றார்கள். உலக ஏலங்களில் விலை லட்சங்களைத் தொட்ட பிறகுதான் சண்டிகர் விழித்துக்கொண்டது. 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் இவற்றை விற்கவும் ஏலம் விடவும் தடை போட்டது. கணக்கெடுத்தபோது 12,793 பொருட்கள் பாரம்பரியச் சாமான்களாகப் பட்டியலில் ஏறின.

ஆகவே உடைமை வரலாற்றில் 2011 ஒரு கோடு. அதற்கு முன் அரசு ஏலத்தில் வாங்கியதற்கான தாள் இருந்தால் கதை ஓரளவு நிற்கும். பின்னால் அலுவலகத்திலிருந்து "நேரடியாக" வந்ததாகச் சொன்னால், ஒன்று போலி, இல்லாவிட்டால் திருட்டு. இரண்டில் எது என்று நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

மரம் காட்டும் சாட்சி

தாள் ஒருபுறம் இருக்கட்டும். நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, நல்ல டார்ச் ஒன்றோடு உட்காருங்கள்.

மரத்தின் நிறம் ஏன் மாறுகிறது? வெயிலும் காற்றும் பட்டு மேற்பரப்பில் உள்ள வேதிப்பொருட்கள் சிதைவதால். புதிதாக அறுத்த தேக்கில் கறுப்பும் பச்சையும் கலந்த கோடுகள் இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டுப் பொன்பழுப்பாகிச் சமப்படும். ஆனால் வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒரே அளவு படாது. இருக்கைக்குக் கீழே, இணைப்புகளின் உள்மூலையில், பிரம்பு மூடியிருந்த சட்டத்தில் நிறம் வேறாக இருக்கும். பல ஆண்டு கைபட்டது, அழுக்கு, பாலிஷ், வெளிச்சம் எல்லாம் சேர்ந்து உண்டாகும் இந்த மேற்பூச்சுக்குப் பட்டினா என்று பெயர். போலி செய்பவர் சாயத்தைக் கரைத்துப் பூசுவார். சாயத்துக்கு வெயில் எது நிழல் எது என்று தெரியாது. அடிப்பக்கம், மூலை, துளை எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தால் அது வாளியிலிருந்து வந்த பழமை.

தேய்மானத்தையும் உடம்பைக்கொண்டு யோசியுங்கள். நாற்காலியை இழுக்கும் கை முதுகுச் சட்டத்தின் மேல் விளிம்பைப் பிடிக்கும். உட்கார்ந்தவர் உள்ளங்கை கைப்பிடியின் முன்முனையில் படியும். செருப்பு முன்கால்களின் கீழ்ப்பகுதியில் உரசும். தரை துடைக்கும் ஈரம் காலின் அடி நுனியில் ஏறிக் கறுக்கும். தேய்மானம் இந்த இடங்களில் இருந்தால் சரி. ஒருவர் கையும் காலும் போகவே வழியில்லாத இடத்தில் அடியும் கீறலும் இருந்தால் யாரோ சங்கிலியால் அடித்திருக்கிறார்கள். அதைச் செய்வதற்கென்றே பட்டறைகள் உண்டு.

இப்போது ஒரு திருகாணியைக் கழற்றச் சொல்லுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான். மரத்துக்குள் பல ஆண்டு கிடந்த இரும்புத் திருகாணி துருப்பிடித்து, துளையின் சுவரைக் கருமையாக்கியிருக்கும். திருகாணியின் துரு எங்கே நிற்கிறதோ அங்கேயே துளையின் கறையும் நிற்கும். பழைய துருப்பிடித்த திருகாணி வெளியே வந்து, துளைக்குள் வெளிறிய புது மரம் தெரிந்தால், நேற்று இறக்கிய ஆணி. திருகாணித் தலையையும் பாருங்கள். ஆறு முனை நட்சத்திர வடிவத் தலை (டார்க்ஸ்; நாம் ஸ்டார் என்று சொல்லும் கூட்டல்குறித் தலை அல்ல) 1967-இல்தான் வந்தது. ஒற்றைக்கோட்டுத் தலைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் நட்சத்திரமாக இருந்தால் பழுது பார்த்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். எல்லாமே நட்சத்திரம் என்றால் வேறு பேச்சு.

பிரம்பு புதிதாக இருப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். பிரம்பு கிழியும், மறுபடி பின்னுவார்கள், நூறு நாற்காலியில் எத்தனை முறை பின்னியதோ. பார்க்க வேண்டியது பிரம்பை அல்ல, அதை இழுத்துக் கட்டும் துளைகளை. திரும்பத் திரும்ப இழுத்துக் கட்டியதில் துளையின் விளிம்பு மழுங்கி, உள்ளே பழைய பிரம்பின் சிலும்பு ஒட்டியிருக்கும். கூர்மை மாறாத சுத்தமான துளைகளில் கிழிந்த பழைய பிரம்பு தொங்கினால், அந்தப் பிரம்பு வேறெங்கிருந்தோ வந்தது.

உடைந்த ஒரு நாற்காலியின் காலை ஒன்றிலும் கைப்பிடியை இன்னொன்றிலும் வைத்து, மீதியைப் புது மரத்தில் செய்து இரண்டாக்கிவிடுவதும் நடக்கிறது. இரண்டிலும் பழைய மரம் இருக்கிறது, பழைய எழுத்தும் ஒன்றில் இருக்கிறது. இணைப்புகளைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். ஒரு சட்டம் இன்னொன்றுக்குள் இறங்கும் இடத்தில் பழுப்பு திடீரென்று நின்று, மறுபக்கம் வேறு நிறம் தொடங்குகிறதா? ஒரு காலின் அடியில் ஈரக்கறை இருந்து, மற்ற மூன்றில் இல்லையா?

ஆய்வகத்துக்கு ஒரு துண்டு அனுப்பிக் காலத்தைக் கண்டுபிடிக்கலாமே என்று கேட்பார்கள். 1950-களின் நடுவிலிருந்து 1963 வரை வான்வெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பனின் அளவு வடகோளத்தில் ஏறத்தாழ இருமடங்கானது. அதற்குப் பின் வளர்ந்த மரத்தில் அந்தத் தடயம் இருக்கும். அதனால் 1956 நாற்காலி என்று சொல்லும் மரத்தில் 1980-களின் அளவு இருந்தால் மாட்டிக்கொண்டது. இல்லாவிட்டால் ஒன்றும் நிரூபணமாகவில்லை. சோதனை சொல்வது மரம் எப்போது வளர்ந்தது என்பதை. நாற்காலி எப்போது செய்யப்பட்டது என்பதை அல்ல. பழைய வீட்டு உத்தரத்தை அறுத்து நேற்று நாற்காலி செய்தாலும் விடை "பழைய மரம்" என்றே வரும்.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது: மரத்தில் தேடுவது பழமையை அல்ல, பொருத்தத்தை. ஒவ்வொரு கறைக்கும் தேய்மானத்துக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். காரணம் சொல்ல முடியாத கறை சந்தேகத்துக்கு உரியது.

தாளைப் படிப்பது

பில்லும் ஒட்டுச்சீட்டும் கைக்கு வந்தால், அதிலுள்ள பெயரைவிட மற்றச் சின்ன விவரங்களைப் படியுங்கள். போலி செய்பவர் பெரிய விஷயத்தைச் சரியாகச் செய்துவிட்டு ஓரத்தில் கோட்டைவிடுவார்.

அமெரிக்காவில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு வந்தது 1963-இல். ஹெர்மன் மில்லர் ஒட்டுச்சீட்டில் மிச்சிகன் முகவரிக்குப் பின் 49464 என்று இருந்தால் அந்தச் சீட்டு 1956-இல் ஒட்டியது இல்லை. இந்தியாவில் ஆறு இலக்கப் பின்கோடு 1972-இல்தான் வந்தது. "1959 அசல் ரசீது" என்று நீட்டும் தாளில் சண்டிகர் 160 என்று தொடங்கும் எண் அச்சிட்டிருந்தால் மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை. சண்டிகர் யூனியன் பிரதேசம் ஆனது 1966 நவம்பர் 1. அதற்கு முந்தைய தாளில் பஞ்சாப் அரசு என்றுதான் இருக்க வேண்டும், ஹரியானா என்ற பெயர் இருக்கவே கூடாது. பணத்தையும் பாருங்கள். 1957 ஏப்ரலில்தான் ரூபாய்க்கு நூறு பைசா வந்தது. 1955 பில் என்றால் அணாக் கணக்கு. கோப்புகளோடு பழகிய நம் ஊர் ஆட்களுக்கு இந்த வேலை பாரிஸ் நிபுணர்களைவிட நன்றாகவே வரும்.

முக்கியமாக, தாள் இந்த நாற்காலிக்கு உரியதா? "பழைய மர நாற்காலி 40" என்று போட்ட ஏலப் பில்லை எந்த நாற்காலியோடும் சேர்த்துவிடலாம். எண், அளவு, புகைப்படம் ஏதாவது ஒன்று தாளையும் பொருளையும் கட்ட வேண்டும். நாற்பதுக்கு ஒரு பில் இருந்து, அந்தப் பில்லைக் காட்டி நானூறு விற்றால் யார் கேட்பது?

நிபுணர் சொன்னால்?

கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் அவருக்கு அந்த விற்பனையில் பங்கு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பிரான்சில் 18-ஆம் நூற்றாண்டு நாற்காலிகளுக்குப் பெரிய நிபுணராகக் கருதப்பட்டவரே ஒரு மரச்சிற்பியோடு சேர்ந்து போலி செய்தார். அவற்றில் சில வெர்சாய் அரண்மனையின் சேகரிப்புக்கே போய்ச் சேர்ந்தன. 2025-இல் பிரெஞ்சு நீதிமன்றம் அவர்களைத் தண்டித்தது. எங்கெல்லாம் பார்ப்பார்கள் என்று தெரிந்தவருக்குத்தான் எதையெல்லாம் மறைக்க வேண்டும் என்றும் தெரியும்.

ஏல அட்டவணையின் மொழியையும் கவனமாகப் படியுங்கள். "இவருடையது" என்பது ஒரு உறுதி. "இவருடையதாகக் கருதப்படுவது" ஒரு ஊகம். "இவர் பாணியில்" என்றால் இவருக்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்பதை மரியாதையாகச் சொல்வது. விலைப்பட்டியலைப் பார்க்கும் கண் இந்த இடைவெளியைத் தாண்டிப் போய்விடும்.

விற்பவராக இருந்தால்

வீட்டில் இருப்பது உண்மையான ஒன்று என்ற சந்தேகம் வந்தால் உடனே ஆசாரியைக் கூப்பிட்டு உப்புத்தாள் போட்டு, பளபளவென்று பாலிஷ் அடிக்கச் சொல்வதுதான் பலருக்கும் முதல் யோசனை. அதைச் செய்யாதீர்கள். தேய்த்தெடுக்கும் அந்த மெல்லிய படலத்தில்தான் நாற்காலியின் சாட்சியம் முழுவதும் இருக்கிறது. கூடவே எழுத்தும் போய்விடும். தூசியைத் துணியால் துடைத்தால் போதும்.

படம் எடுக்கும்போது அழகான கோணம் ஒன்று போதும். மீதிப் படங்கள் அடிப்பக்கம், இணைப்புகள், ஆணித் தலைகள், எழுத்து, உடைந்த இடம், ஒட்டிய இடம். எங்கே பழுது பார்த்தது, யார் பார்த்தது, எந்தப் பகுதி புதிது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். மறைத்துப் பின்னால் தெரிந்தால் அசல் பகுதியையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள். எப்படிக் கைக்கு வந்தது என்பதையும் தேதியோடு எழுதி, பழைய குடும்பப் படத்தில் அந்த நாற்காலி தெரிந்தால் அதையும் இணையுங்கள். 1960-களின் கல்யாண ஆல்பத்தில் பின்னால் தெரியும் ஒரு நாற்காலிக்கு எந்த நிபுணரின் சான்றிதழும் ஈடாகாது. வாங்குபவராக இருந்து, பொருள் தொலைவில் இருந்தால், இதே படங்களைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மறுப்பவரிடம் பேரம் பேச வேண்டாம்.

அசலாக இருந்தும் விற்க முடியாதபோது

அசலா என்பதும் விற்க உரிமை உண்டா என்பதும் தனித்தனி. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி இத்தகைய பொருள் பழம்பொருளாக நூறு வயது ஆக வேண்டும். சண்டிகர் நாற்காலிகளுக்கு இன்னும் அந்த வயது வரவில்லை. வெளிநாட்டு ஏலங்களை நம் அரசால் அந்தச் சட்டத்தைக்கொண்டு நிறுத்த முடியாமல் போவதற்கு அதுதான் காரணம். ஆனால் அரசுத் தளவாடப் பட்டியலில் இருக்கும் நாற்காலி திருடப்பட்டு வந்திருந்தால் வயது எதுவானாலும் அது திருட்டுச் சொத்துதான், வாங்கியவரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அலுவலகத்திலிருந்து அது எந்தத் தேதியில், எந்த ஏல எண்ணில் வெளியேறியது என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். தாளில் வாங்கிய பிறகு விலையைப் பேசுங்கள்.